வெப்சைட் யார் பெயரில் இருக்கிறது?



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில் இளைய உறுப்பினர்கள் இருவர், "கடைக்கு வெப்சைட் போடுவது எப்படி, என்ன செலவாகும்?" என்று கேட்டார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கம்ப்யூட்டர் படித்தவன் என்பதால் அல்ல. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து 1977ல் பெட்டியடிக்கு வந்தவன் நான். வெப்சைட் விஷயத்தில் அடிபட்டவன் என்பதுதான் காரணம். "அண்ணாச்சி பட்டவரு, அவரையே எழுதச் சொல்லுங்க" என்று முடிவாகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு தீபாவளி அக்டோபர் 24ந் தேதி வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு நாள் காலை, மல்லி மூட்டைகள் எடை போட்டுக்கொண்டிருந்த நேரம், கடைப் போன் அடித்தது. சேலத்திலிருந்து ஒரு அம்மா பேசினார். "பட்டாசுக்குப் பணம் கட்டி எட்டு நாளாச்சுங்க. லாரி ரசீது நம்பர் சொல்லுங்க" என்றார்.

"அம்மா, இது வத்தல், மல்லி, பருப்பு மண்டி. நாங்க பட்டாசு விக்கிறதில்லையே" என்றேன்.

"உங்க வெப்சைட்லதானே பார்த்தேன்? விருதுநகர் அட்ரஸ், கடைப் பேரு எல்லாம் போட்டிருக்கே!"

என் மகனைக் கூப்பிட்டு செல்போனில் எங்கள் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. எங்கள் கடைப் பெயர் இருந்தது. விலாசம் இருந்தது. கீழே கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சங்குசக்கரம் என்று வரிசையாகப் படம் போட்டு, எண்பது சதவீதம் தள்ளுபடி என்று எழுதியிருந்தது. பேச வேண்டிய நம்பர் மட்டும் எங்களுடையது இல்லை. பணம் போட வேண்டிய கணக்கும் எங்களுடையது இல்லை. அந்த அம்மா பழைய பில் ஒன்றைப் பார்த்து எங்கள் கடை நம்பரைப் பிடித்திருக்கிறார்.

அன்று சாயங்காலத்திற்குள் இன்னும் இரண்டு பேர் பேசினார்கள். இருட்டிய பிறகு தேனியிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் பேசினார். அவரும் அவருடைய தகப்பனாரும் முப்பது வருஷத்துக்கு மேலாக எங்களிடம் வத்தல் வாங்குகிறவர்கள். பதினோராயிரத்து நானூறு ரூபாய் போட்டிருந்தார். "அண்ணாச்சி, ஊர்ல நூறு பேர் விளம்பரம் பண்றான். உங்க பேரைப் பார்த்துத்தானே போட்டேன்" என்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு அவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

இது எப்படி நடந்தது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெப்சைட் வைத்திருக்கும் நம் உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் இன்றைக்கும் என்னுடைய பழைய நிலையில்தான் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

எங்கள் வெப்சைட் 2011ல் போட்டது. மருமகனுக்குத் தெரிந்த ஒரு தம்பி செய்து கொடுத்தார். கெட்டிக்காரர், நாணயமானவர், அதில் குறை சொல்ல மாட்டேன். எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு எங்கள் தாத்தா படம், கடை முகப்பு, சரக்குப் பட்டியல், போன் நம்பர் எல்லாம் போட்டுக் கொடுத்தார். வருஷா வருஷம் மூவாயிரம் கேட்பார், கொடுப்போம். அது எதற்கு என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 2021ல் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அதன்பின் மூவாயிரம் கேட்க ஆள் வரவில்லை. ஒரு செலவு குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன்!

அந்த மூவாயிரத்தில் இரண்டு செலவு அடங்கியிருந்தது. ஒன்று டொமைன், அதாவது வெப்சைட்டின் பெயர். மற்றது ஹோஸ்டிங், அதாவது அந்தப் பக்கங்கள் வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் வாடகை. கடைப் பெயருக்கு ஒரு ரிஜிஸ்டரேஷன், கட்டிடத்துக்கு ஒரு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் டொமைன் என்பது யாரும் சொந்தமாக விலைக்கு வாங்கும் பொருளே அல்ல. வருஷக் கணக்கில் பதிவு செய்து வைத்துக்கொள்வதுதான். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்குப் பதியலாம். கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பொதுவாக 'டாட் காம்' பெயர்களுக்குக் கெடு முடிந்த பிறகும் சில வாரங்கள் பொறுப்பார்கள். அதன்பின் ஒரு முப்பது நாள், அபராதம் போலக் கூடுதல் பணம் கட்டி மீட்டுக்கொள்ளலாம். அதையும் தவறவிட்டால் ஐந்து நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் அதைத் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். அதற்காகவே கெடு முடிகிற பெயர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வருஷமாக நாலு பேர் வந்து போன பெயர் என்றால் கூகுளில் அது முன்னால் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

கெடு முடியப் போகிறது என்ற நோட்டீஸ் வராமல் இல்லை. பல தடவை வந்திருக்கிறது. அது அந்தத் தம்பியின் ஈமெயிலுக்குப் போயிருக்கிறது. ஏனென்றால் டொமைன் பதிவானது அவர் பெயரில், அவர் ஈமெயிலில், அவர் செல் நம்பரில். நாற்பது வருஷம் நடந்த கடையின் வாடகைச் சீட்டைக் கணக்குப்பிள்ளை பெயரில் எழுதி, அவரும் ஊரைவிட்டுப் போனால் எப்படியோ அப்படி. வாடகைச் சீட்டு விஷயத்தில் நாம் யாரும் அப்படி ஏமாற மாட்டோம். அது காகிதத்தில், நம் பாஷையில், நம் கண் முன்னால் இருக்கிறது.

இன்னொரு வெட்கக்கேட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022 ஆரம்பத்திலேயே பெயர் எங்கள் கையைவிட்டுப் போயிருக்கிறது. சேலத்து அம்மா போன் செய்யும் வரை எங்கள் வீட்டில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. கடை வாசலில் பலகை விழுந்து கிடந்தால் தெரு நாய் ஓடினாலும் தெரியும்.

இங்கே சிவகாசிப் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும். மற்ற ஊர்ப் பெயரை விட்டு நம் வட்டாரப் பெயரைத் திருடர்கள் தேடுவது ஏன் என்பது அப்போதுதான் விளங்கும்.

என் சம்பந்தி சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்கிறவர். முன்பெல்லாம் ஆடி பிறந்தால் விலைப்பட்டியல் அச்சடித்து ஊர் ஊராகத் தபாலில் அனுப்புவார். ஆர்டர் கடிதமாக வரும், டிராப்ட் வரும், பெட்டி லாரியில் போகும். பிறகு வெப்சைட் வந்தது. சிவகாசியில் கடைக்கு ஒரு வெப்சைட் என்று ஆனது. பெங்களூரில் இருப்பவர் வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்து, கார்டில் பணம் கட்டி வாங்கினார். சம்பந்திக்கு அந்த இரண்டு மூன்று வருஷம் நல்ல காலம்.

2015ல் டெல்லியில் மூன்று குழந்தைகளின் பெயரில் பட்டாசுக்கு எதிராக உச்ச நீதிமன்றத்தில் போடப்பட்ட வழக்கு நாம் யாவரும் அறிந்ததே. அதில் 2018 அக்டோபர் 23ந் தேதி வந்த தீர்ப்பில், லைசென்ஸ் உள்ள வியாபாரிகள் மூலமாக மட்டுமே பட்டாசு விற்க வேண்டும், பிளிப்கார்ட், அமேசான் உட்பட எந்த இணையதளமும் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் வாங்கக்கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லப்பட்டது. அதன்பின் வெப்சைட்டுகளில் 'வாங்க' என்ற பொத்தான் போய் 'விசாரிக்க' என்ற பொத்தான் வந்தது. தீர்ப்பை மதிக்கிறோம், வேண்டியதைக் குறித்து அனுப்புங்கள், நாங்களே போனில் பேசி உறுதி செய்கிறோம் என்று ஒரு அறிவிப்பு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எழுத்துப்பிழையோடு அப்படியே எடுத்துப் போட்டிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். இது தீர்ப்புக்கு உட்பட்டதா இல்லையா என்பது வக்கீல்கள் பேச வேண்டிய விஷயம், நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் வியாபாரியாக எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கார்டில் பணம் கட்டிய காலத்தில் நடுவே ஒரு பேங்க் இருந்தது, யாருக்குப் பணம் போகிறது என்பதற்குப் பதிவு இருந்தது. வாட்ஸ்அப்பில் ஒருவர் நம்பர் சொல்ல, அதற்கு நாம் பணம் போடுவது என்று பழகியபின், உண்மைக் கடைக்கும் போலிக் கடைக்கும் வாங்குகிறவர் கண்ணில் வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. போலி வெப்சைட் வைப்பவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. உண்மைக் கடைக்காரர் செய்வதையே செய்கிறான், சரக்கு மட்டும் அனுப்புவதில்லை. 2024 தீபாவளியின்போது தமிழ்நாடு போலீசின் சைபர் கிரைம் பிரிவே, போலிப் பட்டாசு வெப்சைட்டுகளைப் பற்றிப் பொதுமக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று.

எண்பது சதவீதத் தள்ளுபடி விஷயமும் இதில் சேர்ந்தது. முதலில் ஐந்து மடங்கு விலை போட்டு, பிறகு அதில் எண்பது தள்ளுவது. நம் ஆட்களே செய்து பழக்கிவிட்ட வேலை இது. உண்மைக் கடையே எண்பது சதவீதம் தள்ளும்போது, போலிக்காரன் தொண்ணூறு தள்ளினால் யாருக்குச் சந்தேகம் வரும்? இதைச் சொன்னால் சம்பந்திக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சம்பந்தி இப்போது வெப்சைட்டை வேறு மாதிரி வைத்திருக்கிறார். அதில் ஆர்டர் கிடையாது, பணம் வாங்குவது கிடையாது. லைசென்ஸ் விவரம், ஜி.எஸ்.டி. நம்பர், கடைக்கு வரும் வழிப்படம், கடை நேரம், கடையில் உள்ள தரை வழிப் போன் நம்பர். "எங்களுக்கு இந்த ஒரு விலாசம்தான். இந்த வெப்சைட் மூலம் யாரிடமும் பணம் கேட்பதில்லை" என்று முதல் வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும். காரில் வருகிற ஆட்கள் அதைப் பார்த்துத்தான் நேராக வருகிறார்கள். பட்டாசுக்கு அவ்வளவுதான் செய்ய முடியும். நமக்கு, அதாவது மளிகை, பருப்பு, எண்ணெய் வியாபாரிகளுக்கு, அந்தத் தடை இல்லை. நம் கஷ்டம் வேறு.

நம் சரக்கின் விலை நிலையாக நிற்பதில்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் போடுவதே விலை நாளுக்கு நாள் மாறுவதால்தான். எங்கள் பழைய வெப்சைட்டில் அந்தத் தம்பி ஆர்வத்தில் துவரம் பருப்பு விலையையும் போட்டிருந்தார். மூன்று வருஷம் கழித்து கோயமுத்தூரிலிருந்து ஒரு ஓட்டல்காரர் அந்த விலைக்கு இருபது மூட்டை கேட்டார். "போட்டிருக்கீங்களே" என்கிறார். என்ன பதில் சொல்வது? விலை போடுவதென்றால் தேதி போட வேண்டும், தேதி போட்டால் தினமும் மாற்ற ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் விலை போடாமல், 'இன்றைய விலைக்குப் போன் செய்யவும்' என்று எழுதுவதே உத்தமம். வெப்சைட் கட்டுவது ஒரு வாரத்து வேலை. அதைப் பராமரிப்பதற்குத்தான் ஆள் நியமிக்க வேண்டும். எங்கள் கடையில் இப்போது மருமகள் பார்க்கிறாள். சனிக்கிழமை கணக்கு முடித்தபின் அரை மணி நேரம். வேறு யாரும் அதைத் தொடுவதில்லை.

தமிழ் எழுத்து விஷயத்திலும் ஒரு கூத்து நடந்தது. சரக்குப் பட்டியலைப் பிரஸ்காரரிடம் இருந்து வாங்கி அப்படியே வெப்சைட்டில் ஏற்றினோம். எங்கள் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது. அடுத்தவர் செல்போனில் பார்த்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக ஒரே கிறுக்கல். அச்சுத் தொழிலில் பல இடங்களில் இன்றும் பழைய எழுத்துருக்களை வைத்துத்தான் வேலை நடக்கிறது. வெப்சைட்டுக்கு அது உதவாது, யூனிகோடு எழுத்துதான் வேண்டும். தமிழக அரசே 2010ல் யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. யூனிகோடில் இருந்தால்தான் 'மிளகாய் வத்தல் மொத்த விலை' என்று தமிழில் தேடுகிறவருக்கு நம் கடை அகப்படும். சிலர் பட்டியலைப் போட்டோவாக எடுத்துப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும், தேடினால் சரியாகக் கிடைக்காது. கிராமத்தில் சிக்னல் குறைந்த இடத்தில் திறக்கவும் திறக்காது.

பூட்டுப் படம் பற்றிக் கேட்டீர்கள். 2018 ஜூலை முதல், பாதுகாப்புச் சான்று இல்லாத வெப்சைட்டைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று கூகுள் குரோம் எழுதிக் காட்டுகிறது. அதைப் பார்த்தால் வருகிற வாடிக்கையாளரும் ஓடிவிடுவார். அந்தச் சான்று இலவசமாகவே கிடைக்கும்போது அதற்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று விசாரியுங்கள். அதற்கும் கெடு உண்டு, தானாகப் புதுப்பிக்கும்படி செய்து வைக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் சான்று இருப்பதால் கடைக்காரர் யோக்கியர் என்று அர்த்தமில்லை. எங்கள் பெயரில் இருந்த போலிப் பக்கத்திலும் அது ஒழுங்காகத்தான் இருந்தது.

வெப்சைட்டில் நேரடியாக ஆர்டர் வாங்கி விற்க நினைப்பவர்கள் 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், விலாசம், குறை கேட்கும் அலுவலர் பெயர் எல்லாம் போட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் நம்பரும் அவசியம். இதற்கெல்லாம் உங்கள் ஆடிட்டரையே கேட்டுக்கொள்வது நல்லது.

செலவைச் சொல்கிறேன். டொமைனுக்கு வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ஆகும். 'டாட் இன்' என்று முடியும் பெயர்கள் நம் நாட்டுப் பதிவு. 2005 முதல் யாரும் எளிதில் வாங்கலாம். ஹோஸ்டிங் இரண்டு மூவாயிரத்தில் முடித்துக்கொள்ளலாம். கட்டிக்கொடுக்கும் கூலி அவரவர் பேரத்தைப் பொறுத்தது. கட்டிக்கொடுப்பவரிடம் பேரம் பேசுவதைவிட, பணம் கொடுக்கும் முன் ஒரு விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள். டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் சொந்த ஈமெயிலில், உங்கள் செல் நம்பரில் பதிவாக வேண்டும். அவர் வேலைக்கு வேண்டுமானால் பாஸ்வேர்ட் கொடுங்கள், வேலை முடிந்ததும் மாற்றுங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அந்தத் தம்பிக்குப் போன் போட்டு, "யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது?" என்று கேளுங்கள். வேறு கம்பெனிக்கு மாற்ற வேண்டுமானால் அதற்கென்று ஒரு ரகசியக் குறியீடு உண்டு, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அவர் ஊரில் இருக்கும்போது கேட்பது சுலபம்.

மறுபடி தேனிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் சைபர் கிரைம் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தோம். பணம் போன உடனே 1930 என்ற நம்பருக்குச் சொன்னால், அது போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்க வழி உண்டு. எட்டு நாள், பத்து நாள் கழித்து என்ன இருக்கும்? உள்ளூர்ப் பத்திரிகையில் 'எங்கள் பெயரில் பட்டாசு விற்பனை இல்லை' என்று விளம்பரம் கொடுத்தோம். பழைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்பினோம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அந்தப் பக்கம் தானாகவே மறைந்துவிட்டது. அவன் வேலை முடிந்தது.

தேனிக்காரர் கணக்கில் பதினோராயிரத்து நானூறு ரூபாயை வரவு வைக்கும்படி கணக்குப்பிள்ளையிடம் சொன்னேன். மகனுக்குச் சம்மதமில்லை. "நாம ஏமாத்தலையேப்பா. போலீஸ்ல புகாரும் கொடுத்தாச்சு. இப்படி வரவு வச்சா நாம ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வரவு வைத்தேன். மற்ற மூன்று பேருக்கு நான் கொடுக்கவில்லை. அவர்கள் எனக்கு முகம் தெரியாதவர்கள், அதற்குப் பிறகு அவர்கள் கேட்கவும் இல்லை. சேலத்து அம்மாவின் நம்பர் மட்டும் அன்றைய சிட்டையில் எழுதியபடியே இருக்கிறது.

எங்கள் பழைய பெயர் திரும்பக் கிடைக்கவில்லை. கேட்ட விலை எங்கள் மூன்று மாத லாபத்துக்கு மேல். புதிதாக 'டாட் இன்' பெயர் ஒன்றை நிறுவனத்தின் பெயரிலேயே ஐந்து வருஷத்துக்குப் பதிந்திருக்கிறோம். அது முடிகிற தேதியைச் சிவப்பு மையில் எழுதி இரும்புப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. பங்குனிப் பொங்கல் முடிந்து புதுக்கணக்குப் போடும் அன்று, மருமகள் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். பழைய பெயரையும் மாதம் ஒரு தடவை நான் திறந்து பார்க்கிறேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.